கோமான் கரம் பிடித்த கூத்தாடிப் பெண்

1797ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் 8ஆம் நாள். இலண்டன் மாநகரில் ட்ரூரி லேன் நாடக அரங்கம் நிரம்பி வழிகிறது. ஷெரிடன் தீட்டிய 'ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்' என்னும் நாடகம் நடைபெறுகிறது. வம்பு பேசித் திரியும் சீமான் சீமாட்டிகளைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கும் நாடகம் அது. அதில் லேடி டீசில் என்னும் வேடம் தாங்கி நிற்கிறாள் எலிசபெத் ஃபாரன். இருபதாண்டுக் காலம் இலண்டன் மக்களைத் தன் நடிப்பால் ஆட்கொண்டவள். அன்றைய நாடகம் அவளுக்குக் கடைசி நாடகம். மக்கள் ஆரவாரம் செய்கின்றனர். அவளோ கண்ணீர் சொரிகிறாள்.

ஏன் அந்தக் கண்ணீர்? அவளுக்கு நேர்ந்தது துன்பமா? இல்லை. ஊரார் கணக்கில் அது பெரும் பேறு! மே முதல் நாள் அவளுக்குத் திருமணம். மணமகன் யார்? எட்வர்ட் ஸ்டான்லி, பன்னிரண்டாவது டெர்பி பிரபு. இங்கிலாந்தின் பழம்பெரும் பிரபு குடும்பங்களில் ஒன்றின் தலைவன். எப்சம் திடலில் 1780 முதல் ஓடிவரும் 'டெர்பி' குதிரைப் பந்தயம் அவன் பெயரால் அமைந்தது. அப்படிப்பட்ட கோமான், ஊர் ஊராய்ச் சென்று நடித்துப் பிழைத்த குடும்பத்துப் பெண்ணைக் கரம் பிடிக்கிறான்.

கதைப் புத்தகமாக இருந்தால் இந்த இடத்தில் 'முற்றும்' என்று போட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தைக் களமாக வைத்து எழுதப்படும் காதல் நவீனங்கள் ஒன்றா இரண்டா! பிரபு ஒருவன் இருப்பான். ஏழைப் பெண் ஒருத்தி இருப்பாள். பார்வை கலக்கும். பாட்டி ஒருத்தி தடுப்பாள். ஊர் தூற்றும். இறுதியில் மாதாகோவில் மணி முழங்கும். படிப்பவர் பெருமூச்செறிந்து புத்தகத்தை மூடுவர். பழுதில்லாத காதல், தூய காதல் என்று பாராட்டுவர்.

நாம் அந்தக் காதலைப் பழிக்க வரவில்லை, தோழர்களே! இரண்டு உள்ளங்கள் ஒன்றை ஒன்று நாடுவதைப் பழிப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால் மணி ஓசை அடங்கிய பிறகு என்ன நடந்தது? மணமகன் எதை இழந்தான்? மணமகள் எதை இழந்தாள்? அந்தத் திருமணத்தால் சீமானுக்கும் சாமானியனுக்கும் நடுவே நின்ற மதில் இடிந்ததா? கதைப் புத்தகம் இந்தக் கணக்கைக் காட்டாது. வரலாறு காட்டும்.

காலத்தை முதலில் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னன் நோய்வாய்ப்பட்டு, ஆளும் ஆற்றலை இழந்தான். 1811ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவன் மூத்த மைந்தன் தந்தைக்குப் பதிலாக ஆட்சி நடத்தும் 'ரீஜன்ட்' ஆனான். 1820இல் தந்தை மாண்டபின் நான்காம் ஜார்ஜ் என முடிசூடினான். அந்த ஒன்பதாண்டுக் காலத்தைத்தான் ரீஜன்சிக் காலம் என்பர். ஆனால் அதற்குச் சற்று முன்னும் பின்னுமான ஆண்டுகளையும் அந்தப் பெயரிலேயே அடக்கிப் பேசுவது வழக்கம். ஆட்டமும் பாட்டமும் மாளிகைகளில். பஞ்சமும் பசியும் சேரிகளில். ஒருபுறம் நெப்போலியனோடு போர். மறுபுறம் ரொட்டி விலை ஏறி மக்கள் தவித்த காலம். அந்தக் காலத்தில் நாடகக்காரர்களின் நிலை என்ன?

1572ஆம் ஆண்டு, எலிசபெத் அரசியின் ஆட்சியிலே ஒரு சட்டம் பிறந்தது. திரிந்து பிழைக்கும் நாடோடிகளைத் தண்டிப்பதற்கான சட்டம் அது. பிரபு ஒருவனின் ஆதரவிலே, அவன் பெயரிலே இயங்காத நாடகக்காரன் நாடோடியாகக் கருதப்படுவான். அவனுக்குச் சவுக்கடி! காய்ச்சிய இரும்பால் காதைத் துளைக்கும் தண்டனை! கவனியுங்கள், தோழர்களே: நடிப்பு குற்றமன்று, பிரபுவின் பெயரைச் சுமக்காமல் நடிப்பதுதான் குற்றம். பிரபுவின் முத்திரை விழுந்தால் கலைஞன், விழாவிட்டால் போக்கிரி!

1737இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆட்சியாளரைக் கேலி செய்த நாடகங்களின் வாயை அடைக்க வால்போல் அமைச்சரவை கொண்டுவந்த சட்டம். எந்த நாடகமும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் பார்வைக்குச் சென்று, ஒப்புதல் பெற்றே மேடை ஏற வேண்டும். உரிமம் பெறாத இடத்தில் கூலிக்கு நடிப்பவர் அனைவரும் போக்கிரிகள், நாடோடிகள் என்று அந்தச் சட்டமும் கூறிற்று. இலண்டனில் வசன நாடகம் நடத்தும் உரிமை ட்ரூரி லேன், காவென்ட் கார்டன் என்னும் இரண்டு அரங்குகளின் கையில் சிக்கிற்று. பின்னர் 1766இல் ஹேமார்க்கெட் அரங்குக்குக் கோடைக்காலத்தில் மட்டும் இடம் கிடைத்தது.

இந்தச் சட்டங்களின் நிழலிலேதான் எலிசபெத் ஃபாரன் பிறந்து வளர்ந்தாள். தந்தை ஜார்ஜ் ஃபாரன் அயர்லாந்தின் கார்க் நகரத்தான். மருத்துவத் தொழிலை விட்டு நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராய்த் திரிந்தவன். அவன் மாண்டபின் குடும்பம் வறுமையில் வாடிற்று. பள்ளியில் பயிலும் பருவத்தில் அந்தச் சிறுமி மேடை ஏறித் தாய்க்கும் உடன்பிறந்தோர்க்கும் சோறு தேடினாள். 1777ஆம் ஆண்டு இலண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் முதன்முதலாகத் தோன்றினாள். கோல்ட்ஸ்மித் எழுதிய 'ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்' நாடகம். அதில் அவளுக்கு என்ன வேடம் தெரியுமா? நல்ல குடும்பத்துப் பெண்ணொருத்தி, தன்னொத்த பெண்கள் எதிரே வாய் திறக்க நடுங்கும் இளைஞன் ஒருவனைத் தன்பால் ஈர்ப்பதற்காகப் பணிப்பெண்போல் நடிக்கும் வேடம்! மேடையிலே சீமாட்டி பணிப்பெண்ணாக நடித்தால் கைதட்டல். வாழ்க்கையிலே உழைப்பாளி வீட்டுப் பெண் சீமாட்டி ஆனால் கூச்சல். இதுதான் சீமான்களின் நீதி.

கூச்சல் எழுந்ததா என்று கேட்கிறீர்களா? எழுந்தது. திருமணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுந்தது. டெர்பி பிரபு அவள்மீது கொண்ட காதலை ஊர் அறியும். ஆனால் அவனுக்கு மனைவி இருந்தாள். 1774இல் மணந்த அந்தச் சீமாட்டி, டார்செட் டியூக்கோடு தொடர்பு கொண்டு கணவனைப் பிரிந்தாள். டெர்பி அவளை மணவிலக்குச் செய்யவில்லை. செய்தால் அவள் டியூக்கை மணந்து மீண்டும் தலைநிமிர்ந்து விடுவாள் அல்லவா? ஆகவே விடுதலை தராமல் கட்டி வைத்தான். உயர்குடிச் சமூகம் அந்தப் பெண்ணை ஒதுக்கித் தள்ளிற்று. டார்செட் டியூக்கை ஒதுக்கிற்றா? 1784இல் பிரான்சு நாட்டுக்கு இங்கிலாந்தின் தூதனாக அனுப்பி வைத்தது! தவறு ஒன்று, தண்டனை பெண்ணுக்கு, தூதுப் பதவி ஆணுக்கு.

அன்றைய சட்டப்படி மறுமணத்துக்கு வழிவிடும் மணவிலக்கு வேண்டுமானால் பார்லிமென்டில் தனிச்சட்டம் நிறைவேற்ற வேண்டும். செல்வரால் மட்டுமே தாங்கக்கூடிய செலவு அது. 1857இல் மணவிலக்கு நீதிமன்றம் அமையும்வரை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் அப்படிச் சட்டம் பெற்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? நான்கு பேர்! விரல்விட்டு எண்ணினால் ஒரு கையில் ஒரு விரல் மிஞ்சும். ஆண்டவன் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்று பாதிரி முழங்கினான். பணமும் ஆண்மையும் சேர்ந்து வந்தால் பிரிக்கலாம் என்று பார்லிமென்ட் திருத்தம் கூறிற்று!

ஆகவே எலிசபெத் காத்திருந்தாள். பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தாள். பிரபுவின் ஆசைநாயகியாக வாழ அவள் ஒப்பவில்லை. செல்லும் இடமெல்லாம் தாயை உடன் அழைத்துச் சென்றாள். எதற்காக? தன் ஒழுக்கத்துக்குச் சாட்சியாக! கேலிச் சித்திரக்காரர்கள் அவளை விட்டார்களா? அவள் உயரம், மெலிந்த உடல். பிரபுவோ குட்டை, பருத்த உடல். இதை வைத்துக் கில்ரே போன்ற சித்திரக்காரர்கள் படம் படமாய் வரைந்து தள்ளினர். கடைச் சன்னல்களில் தொங்கிய படங்களைப் பார்த்து வீதியே சிரித்தது. 1790இல் தாமஸ் லாரன்ஸ் என்னும் ஓவியன் அவளை முழுவுருவ ஓவியமாகத் தீட்டி ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தான். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பலரும் வியக்கும் ஓவியம். கண்காட்சிப் பட்டியலில் அச்சிட்ட தலைப்பு என்ன? 'ஒரு நடிகையின் உருவப்படம்'. அவ்வளவுதான். பெயர் இல்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1787ஆம் ஆண்டு, ரிச்மண்ட் டியூக்கின் மாளிகையில் சீமான்களும் சீமாட்டிகளும் கூடி நாடகம் போட்டனர். டெர்பி பிரபுவும் வேடம் கட்டினான். அவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்த்தவள் யார்? எலிசபெத் ஃபாரன்தான்! பிரபுக்கள் முகத்திலே அரிதாரம் பூசினால் அது பொழுதுபோக்கு, நாகரிகம். அதே அரிதாரத்தை வயிற்றுப்பாட்டுக்காகப் பூசினால் இழிதொழில். வேறுபாடு கலையில் இல்லை, தோழர்களே, கூலியில் இருக்கிறது! உழைத்து உண்பது இழிவு, உழைக்காமல் உண்பது உயர்வு என்னும் தத்துவத்தின்மேல் நிற்பதுதான் பிரபுத்துவம்.

1797 மார்ச் 14ஆம் நாள் டெர்பியின் மனைவி இறந்தாள். ஏப்ரல் 8இல் எலிசபெத் மேடையை விட்டு இறங்கினாள். மே முதல் நாள் டெர்பி சீமாட்டி ஆனாள். அரசி ஷார்லட் அவளை அரண்மனையில் ஏற்றுக்கொண்டாள். நேற்றுவரை அவளைக் கண்டு முகம் சுளித்தோர் இன்று முழந்தாள் மடித்து வணக்கம் கூறினர். அவள் மாறினாளா? அதே கண், அதே குரல், அதே உள்ளம். மாறியது பெயருக்கு முன்னால் ஒட்டிய பட்டம் ஒன்றே! பிறப்பால் உயர்வு, குருதியால் உயர்வு என்று நூறு தலைமுறை பேசிய பொய்யை ஒரே நாளில் ஒரு பட்டச்சீட்டு உடைத்துவிட்டது. அவள் வயிற்றில் பிறந்த மகள் 1821இல் வில்ட்டன் பிரபுவுக்கு மனைவியானாள். ஊர் ஊராய்த் திரிந்த கூத்தாடியின் குருதி இரண்டு பிரபு குடும்பங்களிலே கலந்தது. வானம் இடிந்து விழவில்லை. தேம்ஸ் நதி திசைமாறி ஓடவில்லை.

ஆனால் கணக்குப் பார்ப்போம் என்றோமே! பிரபு இழந்தது என்ன? பட்டம் இருந்தது. நிலம் இருந்தது. பிரபுக்கள் சபை இருக்கை இருந்தது. பந்தயக் குதிரை இருந்தது. ஒன்றையும் இழக்கவில்லை. எலிசபெத் இழந்தது என்ன? தன் கலையை! இருபதாண்டுக் காலம் உழைத்துத் தேடிய தன் பெயரை! டெர்பி சீமாட்டி நடிக்கலாகாது. நடித்தால் பிரபு குலத்துக்கு இழுக்கு. அவளை உயர்த்தியது எதுவோ, அதை விட்டெறிந்தால்தான் உயர்ந்தவர் வரிசையில் இடம்! ஏப்ரல் 8ஆம் நாள் இரவு அவள் வடித்த கண்ணீர் மணமகளின் ஆனந்தக் கண்ணீர் என்று காதல் கதைக்காரன் எழுதலாம். கைத்தொழிலைக் களவு கொடுத்தவளின் கண்ணீர் அதிலே கலந்திருக்காது என்று எவர் சொல்ல முடியும்?

அவள் ஒருத்தியோடு இது நின்றதா? இல்லை. நாடகக் குடும்பத்துப் பெண் லூயிசா பிரன்டன் 1807இல் கிரேவன் பிரபுவை மணந்தாள், மேடையை விட்டாள். மேரி போல்டன் 1813இல் தர்லோ பிரபுவை மணந்தாள், மேடையை விட்டாள். 1814இல் காவென்ட் கார்டன் அரங்கில் ஜூலியட்டாகத் தோன்றி இலண்டனையே கலங்க வைத்த அயர்லாந்துப் பெண் எலிசா ஓநீல், ஐந்தே ஆண்டுகளில், 1819இல், பெக்கர் என்னும் நிலப்பிரபுவை மணந்தாள், மேடையை விட்டாள். ஒவ்வொரு திருமணமும் ஒரு காதல் வெற்றி. ஒவ்வொரு திருமணமும் ஒரு கலைஞரின் முடிவு.

ரீஜன்டாக வீற்றிருந்த இளவரசனின் கதை என்ன? அவனும் காதலித்தவன்தான். 1785 டிசம்பரில் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்னும் விதவையை இரகசியமாக மணந்தான். அவள் அரச குலத்தவள் அல்லள், கத்தோலிக்கர் வேறு. 1772ஆம் ஆண்டு அரச குடும்பத் திருமணச் சட்டப்படி மன்னனின் ஒப்புதல் இல்லாத அந்தத் திருமணம் செல்லாது. கத்தோலிக்கரை மணந்தவனுக்கு முடி இல்லை என்று 1701ஆம் ஆண்டுச் சட்டமும் கூறிற்று. காதலுக்காக முடியைத் துறந்தானா? இல்லை! திருமணமே நடக்கவில்லை என்று 1787இல் பார்லிமென்டில் தன் நண்பன் ஃபாக்ஸ் வாயால் மறுக்க வைத்தான். 1795இல், ஏறிப்போன கடனைத் தீர்ப்பதற்காகப் பிரன்ஸ்விக் இளவரசி கரோலினை ஊரறிய மணந்தான். காதலித்த பெண்ணுக்கு இருட்டறைத் திருமணம். கடன் தீர்க்க வந்தவளுக்கு மேளதாளத் திருமணம். மேல்தட்டுக் காதல் எந்த இடத்தில் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி ஹாரியட் மெலன் கதைக்கு வருவோம். இதிலேதான் பிரபுத்துவத்தின் முகமூடி முழுதும் கிழிகிறது.

தாமஸ் கூட்ஸ் என்பவன் இலண்டனில் பெரும் பாங்கி முதலாளி. மன்னனே அவனிடம் கணக்கு வைத்திருந்தான். அவன் 1763இல் சூசன்னா ஸ்டார்க்கி என்ற பெண்ணை மணந்தான். தன் தமையன் வீட்டிலே குழந்தை பார்த்துக்கொண்டிருந்த பணிப்பெண் அவள். அவர்களுக்கு மூன்று பெண்கள். ஒருத்தி கில்ஃபர்ட் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒருத்தி பியூட் மார்க்விஸுக்கு மனைவியானாள். ஒருத்தி சர் ஃபிரான்சிஸ் பர்டெட் என்னும் புகழ்பெற்ற சீர்திருத்தவாதியை மணந்தாள். பணிப்பெண்ணின் மக்கள் பிரபு மாளிகைகளின் தலைவிகள்! தொட்டிலை ஆட்டிய தாயின் கை தீட்டு என்று எவனும் சொல்லவில்லை. ஏன்? தந்தையின் பெட்டியில் பணம் இருந்தது. குலப்பெருமை பணப்பெட்டியைக் கண்டால் குனிந்து சலாம் போடும்.

1815இல் சூசன்னா இறந்தாள். எண்பதை எட்டிய கூட்ஸ் அதே ஆண்டில் ஹாரியட் மெலன் என்ற நடிகையை மணந்தான். அவள் நாடகக் குழுவில் உடுப்புகளைப் பேணி வந்த ஏழைத்தாயின் மகள். 1795 முதல் ட்ரூரி லேன் மேடையில் நடித்தவள். கிழவனுக்கும் நடிகைக்கும் நடுவே நிலவியது காதலா, நெடுநாளைய நட்பா, நன்றியா? எதுவாயினும் அவன் 1822இல் இறந்தபோது சொத்து முழுவதையும் அவளுக்கே எழுதி வைத்திருந்தான். அவளைத் தூற்றியவர் யார்? ஊரார் மட்டுமா? கூட்ஸின் பெண்களும்தான்! பணிப்பெண் பெற்ற மக்கள் நடிகையைப் பார்த்து முகம் திருப்பினர். ஏணியில் ஏறியவர் முதற்காரியமாகச் செய்வது கீழே நிற்பவரைப் பார்த்து மூக்கைப் பொத்துவதுதான். நம் நாட்டுச் சாதி ஏணியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

1825இல் ஹாரியட் ஸ்காட்லாந்துக்குச் சென்று, அபட்ஸ்ஃபர்டில் எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினாள். அங்கே தங்கியிருந்த உயர்குடிச் சீமாட்டிகள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்காட் கண்டார். அவர்களுள் ஒருத்தியைத் தனியே அழைத்து, செய்வது முறையல்ல என்று எடுத்துரைத்தார். அதன்பிறகே விருந்தில் இணக்கம் பிறந்தது. ஸ்காட் முற்போக்குவாதியல்லர், பழமைக் கட்சிக்காரர். ஆயினும் தம் வீட்டுக்கு வந்த ஒரு பெண் அவமதிக்கப்படுவதைப் பொறுக்காத பண்பு அவரிடம் இருந்தது. அதைப் பாராட்டுவோம்.

1827இல் ஹாரியட் மறுமணம் செய்துகொண்டாள். மணமகன் ஒன்பதாவது செயின்ட் ஆல்பன்ஸ் டியூக். அவனுக்கு வயது இருபத்தாறு. அவள் ஐம்பதை நெருங்கியவள். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. நாடகக்காரி டச்சஸ் ஆவதா? அரச குருதி ஓடும் குடும்பத்தில் அரிதாரம் பூசியவள் புகுவதா? இப்படிப் பொங்கினர் குலப்பெருமைக் காவலர்.

அந்த டியூக் குடும்பத்தின் பூர்வீகம் என்ன? ட்ரூரி லேன் அரங்கத்தில் கூடை சுமந்து ஆரஞ்சுப் பழம் விற்றவள் நெல் க்வின். பின்னர் அங்கேயே நடிகையானாள். இரண்டாம் சார்ல்ஸ் மன்னனின் ஆசைநாயகியானாள். 1670இல் அவள் பெற்ற மகனுக்கு மன்னன் 1684இல் வழங்கிய பட்டம்தான் செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்! ஆம், தோழர்களே! நடிகை வயிற்றில் பிறந்த பட்டத்துக்கு நடிகை ஆகாதாம்! அதே ட்ரூரி லேன்! மன்னனுக்கு மணமாகாமல் பிள்ளை பெற்றால் அது டியூக் வமிசத்தின் தோற்றுவாய். முறைப்படி மணந்து வந்தால் அது வமிசத்துக்கு மாசு. வைதீக மூளைக்கு இந்த விசித்திரம் விளங்காது. விளங்கினால் அது வைதீகமாக இராது.

ஹாரியட்டின் கணக்கில் ஒரு வேறுபாடு உண்டு. மணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே உரியது என்பது அன்றைய இங்கிலாந்தின் பொதுச்சட்டம். தனி ஏற்பாடு செய்துகொண்டால்தான் அதிலிருந்து தப்பலாம். ஹாரியட் தன் செல்வத்தின்மேல் பிடியை விடவில்லை. 1837இல் இறந்தபோது ஏறத்தாழ 18 இலட்சம் பவுன் பெருஞ்செல்வத்தை ஒரு பெண்ணுக்கு எழுதி வைத்தாள். தன்னைத் தூற்றிய குடும்பத்தில் பிறந்தும் தன்னிடம் அன்பு காட்டிய, கூட்ஸின் பேத்தி ஏஞ்சலா பர்டெட் அவள். ஏஞ்சலா அந்தச் செல்வத்தைப் பெட்டியில் பூட்டவில்லை. கைவிடப்பட்ட பெண்கள் மறுவாழ்வு பெற 1847இல் நாவலாசிரியர் டிக்கன்சோடு சேர்ந்து இல்லம் அமைத்தாள். ஏழைகளுக்கு வீடு, பள்ளி எனப் பல அறங்கள் புரிந்தாள். 1871இல் கணவன் வழியாலன்றித் தன் தொண்டின் பயனாகவே பிரபுப் பட்டம் பெற்றாள். நடிகையின் பணம் செய்த வேலை இது! குலப்பெருமை பேசிய எத்தனை டியூக்குகள் இதில் பாதியாவது செய்தனர்?

இப்போது கணக்கை முடிப்போம். எலிசபெத்தும் ஹாரியட்டும் மதிலைத் தாண்டினர். மதில் இடிந்ததா? இல்லை. 1797இல் டெர்பி சீமாட்டி அரண்மனையில் அரசியின் முன் நின்றபோது, ஊர்ப்புறத்தில் உரிமமின்றி நடித்தவன் சட்டத்தின் கண்ணில் நாடோடிதான். அவள் திருமணத்தால் எந்த நாடகக்காரனுக்கும் விடுதலை வரவில்லை. எந்த மனைவிக்கும் சொத்துரிமை வரவில்லை. எந்த ஏழைக்கும் வாக்குரிமை வரவில்லை. 1572ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவிற்கொள்ளுங்கள். பிரபுவின் பெயரைச் சுமக்கும் கலைஞனுக்கு மட்டும் மதிப்பு. எலிசபெத்துக்குக் கிடைத்த மதிப்பும் அந்த வகைதானே? பிரபுவின் பெயர் விழுந்தது, மதிப்பு வந்தது. அன்று சீருடை, இன்று மணமோதிரம். முத்திரை ஒன்றே!

மதிலை இடித்தவை வேறு. இரண்டு அரங்குகளின் ஏகபோகத்தை 1843ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. மணமான பெண்களின் சொத்துரிமையை 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் நிலைநாட்டின. 1895இல் ஹென்றி இர்விங் நடிகர்களுள் முதல்வராக 'சர்' பட்டம் பெற்றார். மேடையை விட்டிறங்கி அல்ல, மேடையில் நின்றபடியே! பெண்களுக்கு வாக்குரிமை 1918இல் ஓரளவும் 1928இல் ஆண்களுக்கு நிகராகவும் கிடைத்தது. நாடகத் தணிக்கை 1968இல் ஒழிந்தது. பிறப்பு ஒன்றையே தகுதியாகக் கொண்டு பிரபுக்கள் சபையில் அமர்ந்தவர்களுள் பெரும்பாலோரை 1999ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றியது. இவை எந்தக் கோமானின் காதலாலும் வந்தவையல்ல. கூட்டம் போட்டவர், எழுதியவர், சிறை சென்றவர், வீதியில் நின்றவர் ஆகியோரால் வந்தவை.

இந்தக் கதை நமக்கு அயல்நாட்டுக் கதை மட்டுமா? இங்கிலாந்தில் நாடகத்துக்கு வாய்ப்பூட்டுப் போட்டுப் பழகிய அதே கை, 1876இல் இந்தியாவில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற பின்னரும் 1954இல் சென்னை அரசு, பகுத்தறிவு நாடகங்களை ஒடுக்க அதே வகைச் சட்டம் இயற்றியது. 'கூத்தாடிகள்' என்ற வசைச்சொல்லை நம் இயக்கத்தார் கேட்காத நாள் உண்டா? அந்த வசையைத் துடைக்க நம்மவர் பிரபு மாளிகையில் பெண் எடுக்கவில்லை. மேடையையே ஆயுதமாக்கி மக்களிடம் சென்றனர்.

திருமணத்திலும் அப்படியே. புரோகிதனின்றி, மந்திரமின்றி, ஒருவனும் ஒருத்தியும் ஒத்த உரிமையோடு வாழ்க்கைத் துணைவர் ஆவதைச் சுயமரியாதைத் திருமணம் என்றோம். செல்லாத திருமணம் என்றனர். நீதிமன்றமும் ஏற்க மறுத்தது. அஞ்சவில்லை நம் இளைஞர். 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதைச் செல்லும் திருமணம் ஆக்கிற்று. அந்தத் திருமணத்தின் சிறப்பு எது? சாதி கடந்து மணந்தாலும் அங்கே யாரும் யாரையும் 'உயர்த்தவில்லை'. உயர்த்துவதற்கு ஒருவர் தாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? தாழ்வே இல்லை என்பதுதானே நம் கொள்கை!

ஆகவே, இளந்தோழனே! கோமான் ஒருவன் ஏழைப் பெண்ணைக் கரம் பிடித்த கதையைப் படி, மகிழ், அவர்கள் துணிவைப் பாராட்டு. ஆனால் புத்தகத்தை மூடுமுன் ஒரு கேள்வி கேள். இந்தப் பெண் தன் தொழிலோடும் தன் பெயரோடும் அந்த மாளிகையில் வாழ முடிந்ததா? இல்லை என்று விடை வந்தால், உன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார். உன் கரம் பற்றி வந்தவள் எதையேனும் வாசலில் இறக்கி வைத்துவிட்டா உள்ளே வந்தாள்? அப்படியானால் அதை அவளிடம் திருப்பிக் கொடு. மேடையில் பேசும் சமத்துவம் அந்த வாசலில்தான் தொடங்க வேண்டும்.